நாற்பத்தோராவது நிமிடம்

மனாமாவில், குதைபியாவில், ஒரு லாண்டரிக்கு மேல் அறை.
வெள்ளி மாலை. திரை என்பது
யாரோ வாங்க வராமல் விட்ட படுக்கை விரிப்பு.
இடது மூலையில் நீல மையில் 'ரூம் 306'.
எந்தப் படமானாலும்
அதன் வானத்தில் அந்த எண் இருக்கும்.

சவரிநாதன் புரொஜெக்டரைத் தட்டி எழுப்புவார்.
ஏசியை நிறுத்தினால் வசனம் கேட்கும்,
போட்டால் மூச்சு வரும்.
பதினோரு பேரும் கைதூக்கி முடிவு செய்வோம்.
பெரும்பாலும் வசனம் ஜெயிக்கும்.

நான் நான்கைந்து வரிக்கு மேல் எழுதுவதில்லை.
பழைய டைம் ஷீட்டின் பின்பக்கம்
ஒரு படத்துக்கு அவ்வளவுதான் கொடுப்பேன்.

'முத்தின் மூச்சு', ஆவணப்படம்:
கடலுக்கு மேல் ட்ரோன். பாய்மரத்துக்கு மேல் ட்ரோன்.
மூழ்குவதைப் பற்றிய படம்
ஒரு முறைகூட நனையவில்லை.

'தூரம் ஒரு மொழி', மூன்று விருதுகள்:
தலைப்பைப் பார்த்தே எழுதிவிட்டேன்.
பிறகு படம் பார்த்தேன்.
திருத்த ஒன்றுமில்லை.

'நாற்பத்து நான்காம் மாடி':
கண்ணாடி துடைக்கிறவன் கீழே பார்க்கும்போதெல்லாம்
அவனுக்கு முன்னால் புல்லாங்குழலுக்குத் தலை சுற்றுகிறது.
இயக்குநரே, கயிறு சத்தம் போடும்.
கேட்டிருக்கிறீர்களா?

'மணற்காற்றுக்குப் பின்':
முந்தின இரவு சம்பளக் கணக்கு. தூங்கிவிட்டேன்.
குறட்டை விடவில்லை என்கிறார் சவரிநாதன்.
அதைப் படத்துக்குச் செய்த மரியாதையாகக் கொள்க.

'வாளி', பதினோரு நிமிடம்.
முஹர்ரக்கிலிருந்து ஸைனப் என்ற மாணவி, போனில் எடுத்தது.
ஒரு கட்டில், இரண்டு ஷிப்ட், இரண்டு பெண்கள்.
ஏசி சொட்டும் தண்ணீரை
வருகிறவள் ஊற்றிவிட்டு வாளியைத் திரும்ப வைக்கிறாள்.
அவ்வளவுதான். அவர்கள் சந்திப்பதே இல்லை.
முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை.
ஒருவர் மட்டும் எழுந்துபோய்
எங்கள் ஏசிக்குக் கீழே குனிந்து பார்த்தார்.
இதற்கு மேல் ஒரு படம் என்ன செய்ய வேண்டும்?
(ஐந்து வரியைத் தாண்டிவிட்டேன். தாண்டட்டும்.)

இந்த வாரம் 'கேட் நம்பர் நான்கு'.
சித்ராவில் ஒரு தொழிலாளர் கேம்ப்.
எடுத்தவர் மெர்லின் தயா, அனுமதி வாங்கி, ஒற்றைக் கேமரா.
முதல் அரை மணி நேரம் பொறுமையானது,
பஸ் நிற்கும் இடத்தில் கேமராவும் நிற்கிறது,
இசை இல்லை, நன்றி,
என்று இருட்டிலேயே குறித்துக்கொண்டேன்.

நாற்பத்தோராவது நிமிடம்.
இருளப்பன் என்பவர் கண்ணாடித் துளைக்கு முன் குனிகிறார்.
மனைவிக்கு ஆபரேஷன், பத்து நாள் லீவு.
உள்ளிருந்து ஒரு குரல்:
'அடுத்த மாசம் பாக்கலாம்.'

எழுதினேன்:
இந்த இடம் நம்பும்படி இல்லை.
குரலில் ஈரமே இல்லை, தட்டை.
ஆவணப்படத்தில் எதற்கு நடிகர்?

அப்புறம்தான் கண்ணாடிக்குப் பின்னால்
அந்த முழங்கையைப் பார்த்தேன்.
அந்த வாட்ச்.
வாரில் கறுப்பு டேப் சுற்றியது.
இருட்டில் என் இடது கையை
வலது கையால் மூடிக்கொண்டேன்.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
பார்க்காமல் இருந்தார்களா,
பார்க்கத் தெரியவில்லையா,
தெரியாது.

அவருக்கு லீவு கிடைத்ததா என்று படம் சொல்லவில்லை.
அதை ஒரு குறை என்று எழுதலாம்.
இந்த அறையில் அதை நிரப்பக்கூடியவன்
நான் ஒருவன்தான்:
அடுத்த மாதமும் பார்க்கவில்லை.

தாளைத் திருப்பினேன். முன்பக்கம் ஜூலை.
அவர் பெயருக்கு நேரே
முப்பத்தொரு நாளும் ஒரே மாதிரி டிக்,
என் பேனா, என் சாய்வு.

விளக்கைப் போட்டார் சவரிநாதன்.
'என்னய்யா, எத்தனை ஸ்டார்?'

ஏசியைப் போடுங்கள் என்றேன்.